சந்தையில் ஏறி வந்த ஆட்டம்மை

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிஞ்சதுன்னு 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம்மை மட்டும் எங்க பட்டிகளை விட்டு இன்னும் போகல. அது எப்படிப் பரவுதுன்னு காட்ட ஒரு பழைய கதை இருக்கு.

1847-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த செம்மறிகள் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் விலைபோயின. வாங்கிப்போன பட்டிகளில் அம்மை கிளம்பிடுச்சு. கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் பியர்ட் சிமண்ட்ஸ் இதை ஆராய்ந்து அடுத்த வருசமே புத்தகம் எழுதினார். மனுசனைக் காப்பாத்தின மாட்டம்மைப் பால் ஆட்டைக் காப்பாத்தல. நோய்ப்பட்ட ஆட்டின் கொப்புள நீரையே நல்ல ஆட்டுக்குக் குத்தும் வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது. குத்தின ஆடு பெரும்பாலும் லேசான அம்மையோடு தப்பிக்கும். ஆனா அதுகிட்டயிருந்து பக்கத்து ஆட்டுக்கு நிஜ அம்மையே தொத்தும்.

கடைசியில் கைகொடுத்தது 1848-ல் வந்த சட்டம்தான். நோய்ப்பட்ட ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிவரத் தடை, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. ரெண்டு வருசத்தில் நோய் அடங்கியது. 1862-ல் வில்ட்ஷயர் பக்கம் மறுபடி தலைகாட்டினப்பவும், மந்தைகளைப் பிரிச்சு வச்சுத்தான் அடக்கினாங்க.

இன்னைக்கு நம்ம கையில் தடுப்பூசி இருக்கு. செம்மறி அம்மைத் தடுப்பூசிக்கு இந்தியாவில் பயன்படும் வைரஸ் ரகங்களில் ஒன்றுக்கு ராணிப்பேட்டை என்றே பெயர். ஆனா நோய் வந்த பிறகு போட்டால் அது மருந்தாகாது.

அறிகுறி இதுதான்: காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், அப்புறம் முகம், தொடை இடுக்கு, மடி, வால் அடின்னு முடி குறைஞ்ச இடங்களில் கெட்டியான கொப்புளம். நுரையீரலிலும் கட்டி வரும். குட்டிகள்தான் அதிகம் சாகும். உதட்டைச் சுற்றி மட்டும் பக்கு கட்டினால் பெரும்பாலும் அது ஆர்ஃப் எனும் வேறொரு நோய். அது மனுசன் கைக்கும் ஒட்டும். சந்தேகம்னா பக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

அம்மை கண்ட மந்தையை வந்த விலைக்குத் தள்ளிவிடுறவரை நகரத்திலிருந்து திட்டுறது சுலபம். அவருக்கு வங்கி, நகை, பிள்ளை படிப்பு எல்லாமே அந்த ஆடுதான். விற்காதேன்னு சட்டம் சொல்லலாம். விற்காமல் இருக்கிற ரெண்டு மாசம் அவர் வீட்டு அடுப்பு எரியணுமே. இழப்பீடு கையில் கிடைக்கும்னு நம்பிக்கை இருந்தால்தான் நோயை மறைக்காமல் சொல்லுவார்.

அதுவரை எங்க தரப்பில் செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. சந்தையில் வாங்கின ஆடு எவ்வளவு தெளிவாத் தெரிஞ்சாலும், மூணு வாரம் தனியாக் கட்டிட்டு அப்புறம்தான் மந்தையில் சேர்க்கணும்.