நாஞ்சில் நாட்டில் மிஷனரிகளின் விடைபெறல்கள்

நாஞ்சில் நாட்டில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிகளின் வருகையைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அவர்கள் விட்டுச் சென்ற தருணங்களும் அதே அளவு முக்கியமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கப்பல் பயணத்துக்குப் பல மாதங்கள் ஆயின. விடைபெற்றுச் சென்றவரை மீண்டும் காண்பது அரிது. ஒவ்வொரு பிரிவின்போதும் சபையை இனி யார் நடத்துவது என்ற கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத் திருச்சபைகளின் அமைப்பை உருவாக்கின.

மயிலாடி, 1816

வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1770-ல் சிலேசியாவில் பிறந்தவர். லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1804-ல் தரங்கம்பாடிக்கு வந்து அங்கே தமிழ் கற்றார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் இதற்கு முன்பே அவரைத் தம் ஊருக்கு அழைத்திருந்தார். சாம்பவர் சமூகத்தில் பிறந்த வேதமாணிக்கம், சிதம்பரம் யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில் தஞ்சையில் கிறித்தவர் ஆனவர்.

பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் உதவியால் 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தாமரைக்குளம், பிச்சைக்குடியிருப்பு, ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகள் தோன்றின. ரிங்கல்தௌபே மணம் செய்துகொள்ளாமல் எளிய வீட்டில் வாழ்ந்தார். தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கே செலவிட்டார்.

உடல்நலம் குன்றியதால் 1816-ன் தொடக்கத்தில் அவர் ஊரைவிட்டுப் புறப்பட முடிவு செய்தார். அவருடைய இடத்துக்கு ஐரோப்பியர் எவரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆகவே சபைகளின் பொறுப்பை முறைப்படி வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். சபையினரில் பெரும்பாலோர் நாடார்கள், வேதமாணிக்கமோ சாம்பவர். சாதியின் பெயரால் நடக்கும் தெருவும் உடுக்கும் உடையும் வரையறுக்கப்பட்டிருந்த திருவிதாங்கூரில் இது துணிவான முடிவு. அடுத்த மிஷனரி வரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேதமாணிக்கமே சபைகளை நடத்தினார்.

ரிங்கல்தௌபே சென்னைக்கும் இலங்கைக்கும் சென்று, அங்கிருந்து கடல் வழியாகப் பயணமானார். அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது உறுதியாக அறியப்படவில்லை. அவருக்குக் கல்லறை இல்லை.

மீடும் நில்லும்

1818-ல் வந்த சார்லஸ் மீடுக்கு அப்போது இருபத்தைந்து வயதளவே இருக்கும். உடன் புறப்பட்ட மனைவி வரும் வழியில் பினாங்கில் இறந்துவிட்டார். மீட் கைக்குழந்தையுடன் நாஞ்சில் நாட்டை வந்தடைந்தார். ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் ஆதரவுடன் பணியின் மையம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த செமினரியும் அச்சகமும் இக்காலத்தில் தொடங்கப்பட்டன.

அதே 1818-ல் மீடுக்குத் துணையாக ரிச்சர்ட் நில் வந்தார். 1819-ம் ஆண்டின் முதல் நாளில் நாகர்கோவில் ஆலயத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். ஆனால் இந்தியத் தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டிலேயே அவர் விடைபெற நேர்ந்தது. பின்னர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். அவர் அடிக்கல் நாட்டிய ஆலயத்தைப் பிறர் கட்டி முடித்தனர். 1819-ன் இறுதியில் வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாகர்கோவிலில் தங்கிப் பெண்கல்வியையும் லேஸ் பின்னல் தொழிலையும் வளர்த்தனர்.

நெய்யூர், 1854

எல்லோருக்கும் விடைபெற்றுச் செல்லும் வாய்ப்பு கிட்டவில்லை. 1838-ல் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவர் விலகியபின் நின்றுபோன அப்பணியை 1850-களின் தொடக்கத்தில் இளம் மருத்துவர் சார்லஸ் லீச் மீண்டும் தொடங்கினார். 1854-ல் முட்டம் கடலில் குளித்தபோது அவர் மூழ்கி இறந்தார். ஒரே ஒரு மருத்துவரை நம்பி இருந்த பணி மறுபடியும் நின்றது.

1861-ல் வந்த மருத்துவர் ஜான் லோ, 1864 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் கிளை மருத்துவமனைகளை நடத்தினர். 1868-ல் லோ ஊர் திரும்பியபோது, முன்னர் நேர்ந்ததுபோலப் பணி அறுந்துவிடவில்லை. அவருடைய மாணவர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினர்.

விளைவுகள்

இந்தப் பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பொறுப்பு உள்ளூர் மக்களின் கையில் இருந்த இடங்களில் மிஷனரி சென்றபின்னும் பணி நிலைத்தது. ஐரோப்பியர் ஒருவரை மட்டும் நம்பியிருந்த இடங்களில் அது தடைப்பட்டது. எனினும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு முழு அதிகாரம் எளிதில் கிடைக்கவில்லை. வேதமாணிக்கமே மீட் வந்தபின் மீண்டும் துணைப் பொறுப்புக்குத் திரும்பினார். உபதேசியார்களாகப் பலர் உழைத்தபோதும் முடிவெடுக்கும் உரிமை நெடுங்காலம் வெளிநாட்டவரிடமே இருந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் நிர்வாகம் படிப்படியாக இந்தியர் கைக்கு வந்தது. 1959-ல் கன்னியாகுமரி தனிப் பேராயமாயிற்று.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவரின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.