மருத்துவமனைக்குள் பிறந்த கணினி மொழி

பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் கைகோத்தால் ஆராய்ச்சி வளரும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. சுகாதாரத் தகவல் தொழில்நுட்பத்தில் அந்தக் கைகோப்பு எங்கே தொடங்கியது, அதன் பெரிய முயற்சி ஒன்று ஏன் சறுக்கியது என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது நடந்தது அமெரிக்காவில், சார்ல்ஸ் ஆற்றின் இரு கரைகளில்.

ஆற்றின் ஒரு கரையில் பாஸ்டன். அங்கேதான் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயிலும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இருக்கிறது. மறுகரையில் கேம்பிரிட்ஜ். எம்ஐடி பேராசிரியர்கள் ரிச்சர்ட் போல்ட்டும் லியோ பெரனெக்கும் 1948ல் தொடங்கிய ஒலியியல் ஆலோசனை நிறுவனம் அங்கே இயங்கியது. பின்னர் ராபர்ட் நியூமனும் பங்காளியாகச் சேர, அது ‘பிபிஎன்’ என்று அழைக்கப்பட்டது. அரங்குகளில் ஒலி எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

அதற்குக் காரணம் ஜே. சி. ஆர். லிக்லைடர் என்ற உளவியல் அறிஞர். 1957ல் பிபிஎன்னில் சேர்ந்த அவர், இனி எதிர்காலம் கணினியில்தான் என்று சொல்லி நிறுவனத்தைச் செலவு செய்ய வைத்தார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் உருவாக்கிய பிடிபி-1 கணினி 1960ல் பிபிஎன்னுக்கு வந்து சேர்ந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் ‘நேரப் பகிர்வு’ முறையை 1962ல் அந்த நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். அதுவரை கணினி என்றால் ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு பெரிய மருத்துவமனையின் அன்றாட வேலையை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் ஒரு மருந்தை எழுதுகிறார். தாதி அதைத் தம் அட்டையில் எழுதிக்கொள்கிறார். மருந்தகத்துக்கு ஒரு சீட்டு, கட்டணப் பிரிவுக்கு இன்னொன்று. இரத்தப் பரிசோதனை முடிவும் இப்படித்தான் கைமாறி வரும். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் ஒரு புள்ளி இடம் மாறலாம். புள்ளி மாறினால் மருந்தின் அளவே மாறிவிடும், அதை விழுங்கப்போவது நோயாளி. நேரப் பகிர்வுக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு என்ன?

அப்படித்தான் ‘மருத்துவமனைக் கணினித் திட்டம்’ தொடங்கியது. பணம் கொடுத்தது அரசாங்கத்தின் தேசிய சுகாதாரக் கழகம். பிபிஎன் தரப்பில் ஜோர்டன் பாருக் பொறுப்பேற்றார். கணினி கேம்பிரிட்ஜில் இருந்தது. மருத்துவமனை வார்டுகளில் தொலைத்தட்டச்சு இயந்திரங்கள் வைக்கப்பட்டு, தொலைபேசிக் கம்பி வழியாக ஆற்றைக் கடந்து அவற்றோடு இணைக்கப்பட்டன. 1964ல் மருத்துவமனை தனக்கென்று ஒரு கணினி அறிவியல் ஆய்வுக்கூடத்தை அமைத்து, இதயநோய் மருத்துவர் ஆக்டோ பார்னெட்டை அதன் தலைவராக அமர்த்தியது. பணம், ஆள், இயந்திரம், பெயர் எல்லாமே சேர்ந்திருந்தன.

ஆனால் வார்டில் அது எடுபடவில்லை. அந்த இயந்திரங்கள் வினாடிக்குப் பத்து எழுத்துதான் அச்சடிக்கும், சத்தமோ பெரிது. கணினி அடிக்கடி நின்றுபோகும். ஆய்வுக்கூடத்தில் நின்றுபோனால் பொறியாளர் மறுபடியும் முடுக்கிவிட்டுத் தேநீர் குடித்து வரலாம். வார்டில் நின்றுபோனால் ஆறு மணி ஊசி யாருக்கு என்று தாதி யாரிடம் கேட்பார்? பழைய காகிதத்தையும் விட முடியாமல், புதிய இயந்திரத்தையும் நம்ப முடியாமல் தாதியருக்கு வேலை இரட்டிப்பானது.

இதில் பொறியாளர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. சில ஆண்டுகளில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் கட்டமைப்புக்கு முதல் இணைப்புக் கணினிகளைச் செய்து கொடுத்தது இதே பிபிஎன்தான். அவர்கள் உட்கார்ந்திருந்த இடம்தான் தவறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, முழு மருத்துவமனைக்கும் ஒரே அமைப்பை ஒரே வீச்சில் செய்துவிடலாம் என்று அவர்கள் நம்பினார்கள். பாருக், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ‘மெடிநெட்’ என்ற வர்த்தக முயற்சிக்குப் போனார். அதுவும் நிலைக்கவில்லை.

பார்னெட் வேறு வழியில் போனார். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் ஆசையைக் கைவிட்டு, ஒவ்வொரு பிரிவாகத் தொடலாம் என்று முடிவு செய்தார். நிரல் எழுதுபவர்கள் மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் நீல் பப்பலார்டோ என்ற இளம் எம்ஐடி பட்டதாரி இருந்தார். அவரும் கர்டிஸ் மார்பிள், ராபர்ட் கிரீன்ஸ் ஆகியோரும் 1966, 67ல் ஒரு சிறிய பிடிபி-7 கணினியில் புதிய மொழி ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘மம்ப்ஸ்’. மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரோடு தொடங்கும் நீளமான பெயரின் சுருக்கம் அது. பொன்னுக்குவீங்கி நோய்க்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மருத்துவமனைக்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

அந்த மொழியின் சிறப்பு என்ன? அக்காலக் கணினி மொழிகளில் பல எண்களைக் கூட்டிக் கழிக்கவே பிறந்தவை. நோயாளிக் குறிப்பேடு அப்படிப்பட்டதல்ல. அதில் பெரும்பாலும் எழுத்து. ஒருவருக்கு இரண்டு பக்கம், இன்னொருவருக்கு இருநூறு பக்கம். முன்கூட்டியே இத்தனை கட்டம் என்று ஒதுக்கி வைக்க முடியாது. மம்ப்ஸில் தகவல் ஒரு மரம்போலக் கிளைவிடும். நோயாளி, அவருக்குக் கீழே தேதி, அதற்குக் கீழே பரிசோதனை, அதற்குக் கீழே முடிவு. வெற்றுக் கிளைக்கு இடம் வீணாவதில்லை. ஒரு பெயருக்கு முன்னால் சிறிய கூரைக் குறி ஒன்றைப் போட்டால் போதும், அந்தத் தகவல் வட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். தனியாகத் தரவுத்தளம் வேண்டியதில்லை. சிறிய நினைவகத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மம்ப்ஸின் பல கருத்துகள் பிபிஎன் ஆக்கிய டெல்காம்ப் போன்ற மொழிகளிலிருந்து வந்தவை. முறிந்துபோன கூட்டணிதான் அடுத்ததற்கு விதை போட்டிருந்தது.

பார்னெட்டின் குழு அடுத்து, 1969ல் திறக்கப்பட்ட ஹார்வர்டு சமூக சுகாதாரத் திட்டத்தின் மருந்தகங்களுக்காக ‘கோஸ்டார்’ என்ற மின்னியல் குறிப்பேட்டை உருவாக்கியது. தொண்டைக் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தும் சிகிச்சை விடுபட்டுப்போன நோயாளிகளைக் கணினி கண்டுபிடித்து மருத்துவருக்கு நினைவூட்டியது. நினைவூட்டல் இருந்தவரை கவனிப்பு மேம்பட்டது. அதை நிறுத்திப் பார்த்தபோது பழையபடி நழுவியது. 1978ல் வெளியான அந்த ஆய்வைப் படிக்கும் மருத்துவர் யாருக்கும் தம் சொந்த மருந்தகம் நினைவுக்கு வரும்.

இப்போது பணத்தின் பக்கம் வருவோம். அரசாங்க மானியத்தில் பிறந்ததால் மம்ப்ஸ் பொதுச் சொத்தாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். 1969ல் பப்பலார்டோவும் மார்பிளும் வேறு சிலரும் மெடிடெக் நிறுவனத்தைத் தொடங்கி, மொழியைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களும் அப்படியே செய்ய, சில ஆண்டுகளில் ஒருவர் எழுதிய நிரல் இன்னொருவர் கணினியில் ஓடாத நிலை வந்தது. பொதுக் கிணற்றிலிருந்து ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டிக்கொண்ட கதைதான். பயனர்களும் அரசு அமைப்புகளும் சேர்ந்து முயன்ற பிறகு 1977ல் அதற்கு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயம் கிடைத்தது.

1978ல் இன்டர்சிஸ்டம்ஸ் நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்ற ஜூடித் ஃபோக்னர் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதலீடு சுமார் 70,000 டாலர். அதுவே பிறகு ‘எபிக்’ ஆனது. எபிக்கின் அடித்தளமும் மம்ப்ஸ்தான்.

இன்னொரு கிளை வேறு திசையில் போனது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஊழியர்கள் 1980களில் அதே மொழியில் தங்களுக்கான அமைப்பை எழுதினார்கள். பிற்காலத்தில் ‘விஸ்டா’ என்று பெயர் பெற்ற அது அரசாங்கப் படைப்பு என்பதால் திறந்தே இருந்தது. ஜோர்டான் நாடு தன் ‘ஹக்கீம்’ திட்டத்துக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகளில் ஒன்று பூட்டி வைத்தது, மற்றொன்று திறந்து வைத்தது. நிறுவனங்கள் இலாபம் பார்த்ததில் தவறில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பார்னெட்டின் மொழி ஒரு ஆய்வுக்கூடத்தோடு நின்றிருக்கும். ஆனால் ஒரு மருத்துவமனையின் குறிப்பேட்டை அடுத்த மருத்துவமனை படிக்க முடியாமல் நோயாளி மறுபடியும் இரத்தம் கொடுக்க நேர்ந்த பல்லாண்டுகளின் விலையை எந்த நிறுவனமும் தன் கணக்கில் எழுதியதில்லை. பொதுப் பணத்தில் தொடங்கும் கூட்டு ஆராய்ச்சியில், தகவல் எந்த வடிவில் இருக்கும், யார் யார் படிக்க முடியும் என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழக சுகாதாரக் குழுமத்தின் மருத்துவமனைகளும் இன்று எபிக் மென்பொருளுக்கு மாறியிருக்கின்றன. கென்ட் ரிட்ஜில் தாதி ஒருவர் திரையில் ஒரு மருந்தின் அளவைப் பதிவு செய்யும்போது, அது போய்ச் சேரும் தரவுத்தளத்தின் பூர்வீகம் பாஸ்டனில் அந்தச் சிறிய பிடிபி-7 கணினிதான்.