அலுமினிய உருக்காலைப் புகை: கருவி மட்டும் போதாது

சரவாக்கில் முக்காவிலும் பிந்துலுவை அடுத்த சமலாஜுவிலும் அலுமினிய உருக்காலைகள் உள்ளன. உருக்கு கலங்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் புளோரைடு வாயு நுரையீரலைப் பாதிக்கும், செடிகொடிகளைக் கருக்கும்.

இந்த வாயுவை அலுமினாத் தூளோடு கலக்கும்போது புளோரைடு தூளில் ஒட்டிக்கொள்கிறது. அத்தூளைப் பை வடிகட்டிகள் பிடிக்கின்றன. பின்னர் அதுவே கலங்களுக்கு மூலப்பொருளாகத் திரும்புகிறது.

பை கிழிந்தால் தூசியும் புளோரைடும் காற்றில் கலந்துவிடும். வடிகட்டியின் அழுத்த அளவையும் புகைபோக்கியையும் நாள்தோறும் கவனிக்கும் பயிற்சி பெற்றவர் இருந்தால்தான் பழுது உடனே தெரியவரும்.

எனவேதான் 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையிட வேண்டும் என்கின்றன. சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான எய்மாஸ், பை வடிகட்டிக்கும் ஸ்க்ரப்பருக்கும் தனித்தனியே சான்றிதழ்ப் பயிற்சி வழங்குகிறது.