அணையா நெருப்பு காத்த கல்வீடு

ஊர் விட்டு ஊர் வந்து, காரைக் கூரையிட்ட குவார்ட்டர்ஸ்களில் வாழும் நாம், கூரைவீடு என்றாலே வறுமையின் அடையாளம் என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பிழை என்பதற்கு, ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவின் உழவர் இல்லம் ஒன்று சான்று பகர்கின்றது. ஆர்னல் என்னும் சிற்றூரில் 42ஆம் இலக்கமுடைய அவ்வில்லம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. இத்தகைய வீடுகளைக் ‘கறுப்பு வீடு’ என்பர்.

அத்தீவில் அட்லாண்டிக் கடற்காற்று ஓயாது வீசும். மரமோ மிக அரிது. ஆகவே கிடைத்த கல்லையே நம்பினர். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லடுக்கி, உட்சுவர், வெளிச்சுவர் என இரண்டு எழுப்பி, இடையே மண் நிரப்பினர். நம்மூரில் கூரை சுவரைத் தாண்டி இறவாரமாக நீளும். அங்கு அவ்வாறு நீண்டால் காற்று கூரையையே பெயர்த்துவிடும். எனவே கூரையை உட்சுவரின்மேல் அமர்த்தினர். அதிலிருந்து வடியும் மழைநீர் நடுமண்ணில் இறங்கும். ஈரமண் இடுக்குகளை அடைத்துக் குளிர்காற்றைத் தடுக்கும். புற்கரணையின்மேல் வைக்கோல் வேய்ந்து, கயிறுகளால் பிணித்து, கயிற்று முனைகளில் கற்களைத் தொங்கவிட்டனர்.

உள்ளே மக்களும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். மாடுகளின் உடற்சூடும் வீட்டிற்கு வெப்பமாயிற்று. புகைபோக்கி கிடையாது. நடுக்கூடத்தில், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகள் இரவு பகலாகக் கனன்றன. கூரை வழியே கசிந்த புகை பூச்சிகளை விரட்டியது. கரி படிந்த பழைய வைக்கோலோ வயலுக்கு உரமாயிற்று. வீணானது ஒன்றுமில்லை!

காலம் மாறிற்று. புகைபோக்கியும் சாந்துச் சுவரும் உடைய ‘வெள்ளை வீடுகள்’ பெருகின. 1966ஆம் ஆண்டில் அவ்வில்லத்தார் வெளியேறினர். பின்னர் அரசு அதனைத் தொன்மைச் சின்னமாகப் பேணலாயிற்று. பேணியவர்கள் சுவரையும் கூரையையும் காத்ததோடு நில்லாமல், பீட் நெருப்பையும் மூட்டி வந்தனர். ஏனெனில் புகையும் வெப்பமும் இல்லாவிடில் கூரை ஈரமேறி மக்கிவிடும்.

இங்கேதான் நமக்கொரு பாடம் உள்ளது. கல்லும் வைக்கோலும் மட்டும் வீட்டைக் காப்பதில்லை. அடுப்பில் எரியும் நெருப்பே காக்கின்றது. நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிய வீடுண்டு. ஆண்டுதோறும் ரயில்வே பாஸ் பெற்றுத் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் செல்லும் நாம், அவ்வீட்டையும் திறந்து ஒருவேளையேனும் உலை வைப்போமாக! நம் பிள்ளைகள் அப்புகையின் மணத்தை அறியட்டும்.