சாரத்திலிருந்து விழுந்தவர் யாருடைய ஆள்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் லோக்கல் பிடிச்சு திருவாலங்காட்டுல இறங்கினேன். ரத்தின சபையைப் பார்க்கப் போறேன்னு ஆபீஸ் நண்பர்கள்கிட்ட சொல்லியிருந்தேன். கோயிலுக்கும் போனேன். ஆனா போனது சித்தப்பாவைப் பார்க்கத்தான். எட்டு மாசம் முன்னாடி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கூரை ஷீட் மாத்தும்போது சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. இன்னும் வாக்கர் பிடிச்சுத்தான் நடக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியிலேயே மேஸ்திரி அவர்கிட்ட சொன்னாராம்: "அண்ணே, வீட்டு மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிடுங்க. கேஸ் ஆச்சுன்னா நம்ம யாருக்கும் அங்க வேலை இருக்காது. செலவை நாங்க பார்த்துக்கறோம்." வலியில இருந்த மனுஷன் அப்படியே சொல்லிட்டார். ஒரு மாசம் பார்த்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கலை.

"நாங்க பார்த்துக்கறோம்"ங்கிற வார்த்தைக்கு அந்த ஊர்ப் பக்கத்துல ஒரு பழைய கதை இருக்கு. திருவாலங்காட்டை ஒட்டின பழையனூர். நீலிங்கிற பேய், ஒரு வணிகனோட மனைவி மாதிரி வேஷம் போட்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில வெச்சுக்கிட்டு, ஊர்ச் சபையில அழுதுச்சு. 'நீலிக் கண்ணீர்' அங்கிருந்து வந்ததுதான். வணிகன் பயந்து கெஞ்சினான். "உன் உயிருக்கு ஏதாவது ஆனா எங்க எழுபது பேர் உயிரும் ஈடு"ன்னு ஊர் வேளாளர்கள் வாக்குக் கொடுத்தாங்க. காலையில அவன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீயில இறங்கினாங்க. சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு உண்டு. அந்த 'ஈடு'தான் இன்னைக்கு நாம சொல்ற இழப்பீட்டிலும் இருக்கு. என்ன, இப்ப யாரும் தீயில இறங்க வேண்டாம். டெபாசிட் கட்டினா போதும். அதுக்கே இந்தப் பாடு.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரவே ரொம்ப நாளாச்சு. 1837, இங்கிலாந்து. ஒரு கசாப்புக் கடைக்காரரோட வண்டியில அளவுக்கு மீறிச் சரக்கு ஏத்தி, வண்டி உடைஞ்சு, கடைப் பையனுக்குத் தொடை எலும்பு முறிஞ்சது. பையன் வழக்குப் போட்டான். நீதிபதி ஒத்துக்கலை. இதுக்கு முதலாளி பொறுப்புன்னா, வேலைக்காரி ஈரப் படுக்கை போட்டதுக்குக்கூட முதலாளி பதில் சொல்லணுமேன்னு கவலைப்பட்டார். ஆபத்து பிடிக்கலைன்னா வேலைக்குப் போகாதே, அவ்வளவுதான். ஒரு நூற்றாண்டோட பாதிக்கு மேல தொழிலாளிகளை அடிச்சு விரட்டின வாதம் இது.

ஜெர்மனி 1884-ல விபத்துக் காப்பீடு கொண்டு வந்தது. பிரிட்டன் 1897-ல இழப்பீட்டுச் சட்டம் போட்டது. இந்தியாவுக்கு 1923-ல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்து, 1924 ஜூலை 1-ல அமலாச்சு. அதோட மையம் ஒரே ஒரு மாற்றம்: யார் தப்புன்னு கேட்கிறது முக்கியமில்லை. விபத்து வேலையினால, வேலையின்போது நடந்ததா? நடந்திருந்தா முதலாளி கொடுக்கணும். குடிச்சிருந்தது மாதிரி சில விலக்குகள் உண்டு. ஆனா 'கவனமில்லாம ஏறினான்'ங்கிறது அந்தப் பட்டியல்ல இல்லை.

ஆனா ஒரு ஓட்டை விட்டாங்க. முதலாளியோட தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு எப்பவாவது கூப்பிடற ஆள் 'தொழிலாளி' கணக்குல வரமாட்டார். இந்த வரி 2000-ம் வருஷத் திருத்தத்துலதான் போச்சு.

இப்ப ஒடிசாவுக்குப் போவோம், கோராபுட் பக்கத்து ஜெய்ப்பூருக்கு. ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை. 1968 ஜூலை. ஒரு சினிமா தியேட்டர்ல அலங்கார வேலை செஞ்ச தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கை வரைக்கும் எடுக்க வேண்டியதாச்சு. அவர் நோட்டீஸ் அனுப்பினார். தியேட்டர் முதலாளி பதில் அனுப்பினார்: இவர் எப்பவாவது வர்ற கான்ட்ராக்டர், விழுந்தது அவரோட கவனக்குறைவு. நேர்ல போய்க் கேட்டும் ஒண்ணும் நடக்கலை. எனக்கு இதைப் படிச்சப்ப சித்தப்பாவோட மேஸ்திரி குரல்தான் காதுல கேட்டது.

இழப்பீட்டு ஆணையர் 9,800 ரூபாயும், அதுல 50 சதவீத அபராதமும், 6 சதவீத வட்டியும் போட்டார். முதலாளி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். அட்டவணைப்படி ஒரு கை போனா பகுதி ஊனம்தானேன்னு கேட்டார். 1975 டிசம்பர்ல நாலு நீதிபதிகள் சொன்னது: ஒரு கையால தச்சு வேலை செய்ய முடியாது, அதனால தச்சருக்கு இது முழு ஊனம். அதைவிடப் பெரிய விஷயம், பணம் எப்ப பாக்கியாகுதுங்கிறது. ஆணையர் தீர்ப்பு எழுதற நாள்ல இல்லை, விழுந்த நாள்லயே. எஞ்சினியர் பாஷையில சொன்னா, டைம்ஸ்டாம்ப் அங்கேயே விழுந்துடுது. தாமதம் பண்றதுக்கு விலை இருக்குன்னு ஆக்கின தீர்ப்பு இது.

சரி, இன்னைக்கு நம்ம ஆள் ஒருத்தர் விழுந்தா? முதல் கேள்வி ஈ.எஸ்.ஐ. உண்டா இல்லையா. 1948-ல போட்ட அந்தச் சட்டம் தமிழ்நாட்டுல 1955 ஜனவரியில கோயம்புத்தூர்லதான் ஆரம்பிச்சது. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஃபேக்டரி, மாசம் 21,000-க்குள்ள சம்பளம்னா அதுல வரணும், கான்ட்ராக்ட் ஆளும்தான். முதலாளி பணம் கட்டாம விட்டிருந்தாலும், கட்ட வேண்டியிருந்ததுங்கிறதே போதும். சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல சுமார் 90 சதவீதம், நிரந்தர ஊனம்னா மாசப் பணம். அதுல வந்தா 1923 சட்டப்படி தனியா கேட்க முடியாது.

சித்தப்பாவுக்கு நாள் கூலி 900, மாசம் 26 நாள். ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிட்டார். அப்ப 1923 வழி. அதுல பிரிவு 12 ஒரு நல்ல வேலை பண்ணியிருக்கு: கான்ட்ராக்டர் கைவிரிச்சா, வேலையைக் கொடுத்த கம்பெனிகிட்ட நேரா கேட்கலாம். கணக்கும் கணக்குத்தான்: முழு ஊனம்னா சம்பளத்துல 60 சதவீதத்தை வயசுக்கான எண்ணால பெருக்கணும். முப்பது வயசுக்கு 207.98. சம்பள உச்சவரம்பு 15,000-னு வெச்சா 18,71,820 ரூபாய். ஒரு மாசம் தாண்டினா 12 சதவீத வட்டி. 'எனக்கு எதுவும் வேண்டாம்'னு கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. மனு போக வேண்டியது தொழிலாளர் துறை இணை ஆணையர் அல்லது துணை ஆணையர்கிட்ட, ரெண்டு வருஷத்துக்குள்ள. 2025 நவம்பர் 21-ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலாகி இந்தச் சட்டங்களை உள்ளே எடுத்துக்கிச்சு. அதனால விபத்துத் தேதியைச் சொல்லி வக்கீல்கிட்டயோ சங்கத்துலயோ ஒரு தடவை கேட்டுக்கோங்க.

இதெல்லாம் நிக்கிறது ஒரே ஒரு தாள் மேல. அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில டாக்டர் "எப்படி விழுந்தீங்க?"ன்னு கேட்டு எழுதற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், ஏ.ஆர். காப்பி. இடம், நேரம், எந்த உயரத்திலிருந்து, யாருக்கு வேலை செஞ்சப்ப, எல்லாம் அந்த நிமிஷமே சொல்லிடணும். சித்தப்பாவோட ஏ.ஆர்.ல 'வீட்டு மாடிப்படி'ன்னு இருக்கு. அவர் வீடு ஓட்டு வீடு, மாடியே கிடையாது.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவரோட ஃபோனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஜிபேல கான்ட்ராக்டர் போட்ட வாரக் கூலி. ஷெட்டு மேல நின்னு எடுத்த செல்ஃபி, விபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஏணி பிடிச்ச ஒடிசாத் தம்பியோட நம்பர். அப்புறம் வாட்ஸாப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ், விழுந்த மறுநாள் மேஸ்திரி அனுப்பினது, பதினேழு செகண்ட்: "மாடிப்படின்னே சொல்லுங்கண்ணே, மாத்திடாதீங்க."

சித்தப்பா அதை அழிக்கலை. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான், மூணு இடத்துல பேக்கப் எடுத்துட்டு ராத்திரி லோக்கல்ல கிளம்பினேன்.