அரசின்மைக் கொள்கையும் நடைமுறையும்: மண்டயம் ஆச்சாரியா முதல் கொள்ளேகால் மலைகள் வரை

தமிழில் ‘அராஜகம்’ என்னும் சொல் ஒழுங்கின்மை, அடாவடி ஆகிய பொருள்களிலேயே பெரிதும் வழங்குகிறது. வடமொழி மூலத்தில் அது அரசன் இல்லாமையைக் குறித்தது. எனினும் ஆங்கும் அச்சப்பொருள் ஒட்டியே நின்றது. வான்மீகி இராமாயணத்து அயோத்தியா காண்டத்தில், தசரதன் மறைந்தபின், அரசனற்ற நாடு எவ்வாறெல்லாம் சீரழியும் என முனிவர்கள் அடுக்கிக் கூறுகின்றனர். பெருமீன் சிறுமீனை விழுங்கும் ‘மச்ச நியாயம்’ குறித்த அர்த்தசாத்திரக் கருத்தும் இதனையே வலியுறுத்தும். திருக்குறளின் பொருட்பால் இறைமாட்சியில் தொடங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அரசு இல்லையேல் அழிவு என்னும் முன்முடிவு சொல்லுக்குள்ளேயே புகுந்துவிட்டமையால், ‘அனார்க்கிசம்’ என்பதனை ‘அரசின்மைக் கொள்கை’ எனக் குறிப்பதே பொருந்தும். அக்கொள்கை ஒழுங்கை மறுப்பதன்று. ஒழுங்குக்கு மேலிருந்து ஆணையிடும் அதிகாரம் வேண்டும் என்பதையே மறுப்பது.

இவ்வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் விளக்க முயன்றவர் எம்.பி.டி. ஆச்சாரியா (1887–1954). மைசூர்ப் பகுதியில் வேர்கொண்டு சென்னையில் வாழ்ந்த மண்டயம் வைணவக் குடும்பத்தவர். பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த ‘இந்தியா’ இதழ் 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்த காலத்தில் அவ்விதழோடு இணைந்து உழைத்தவர். பின்னர் இலண்டன், பெர்லின், மாசுகோ எனச் சென்றார். 1920இல் தாசுகண்டில் அமைந்த இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக்குத் தலைவராகவும் இருந்தார். எம்.என். ராயோடு முரண்பட்டுப் பிரிந்தார். 1922 இறுதியில் பெர்லினில் உருவான அரசின்மைவழித் தொழிற்சங்கப் பன்னாட்டமைப்பின் சார்பாளரானார். பாரதி ஆய்வுகளில் இவர் பெயர் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. இது குறையே. ஓலே பிர்க் லார்சன் 2019இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பும் 2023இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் இப்போது அக்குறையை ஓரளவு போக்கியுள்ளன.

உருசியாவில் கண்டது பொதுவுடைமையன்று, அரசே முதலாளியாகிய ஏற்பாடு என்பது ஆச்சாரியாவின் முடிபு. கூலியும் விலையும் ஒழிந்து, தன்னாட்சி பெற்ற ஊர்க்குழுக்கள் விளைபொருளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். இது நடக்குமா? 1936இல் எசுப்பானியாவின் அரகோன், கட்டலோனியாப் பகுதிகளில் நிலமும் ஆலைகளும் கூட்டுடைமையாகி இயங்கின. உழவும் போக்குவரத்தும் நின்றுவிடவில்லை. ஆயின் உள்நாட்டுப் போரின் நடுவே, அரசின்மையாளர்களின் தலைவர்களே குடியரசின் அமைச்சரவையில் இடம்பெற்றனர். 1937இல் அரகோன் மன்றத்தைக் குடியரசுப் படையே கலைத்தது. விளைவிக்கத் தெரிந்தவர்க்குத் தம்மைக் காத்துக்கொள்ள வழி தெரியவில்லை என்பர் மறுப்போர். அம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆச்சாரியாவின் வாழ்விலும் இதன் சாயல் உண்டு. அரசை மறுத்த அவர் தாயகம் திரும்பப் பிரித்தானிய அரசின் கடவுச்சீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1935இல்தான் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப்பின், 1957 செப்டம்பரில், மைசூரை அடுத்த எல்வாலில் கிராமதான மாநாடு கூடியது. நேரு, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, செயப்பிரகாசர் முதலியோர் ஒரே அவையில் வினோபாவின் இயக்கத்தை வாழ்த்தினர். வினோபாவின் குறிக்கோள் ஆட்சியிலிருந்து விடுதலை. நிலவுரிமை ஊர்க்கு உரியதாகும். முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்படும். ஆனால் தானம் செல்லுபடியாகச் சட்டம் தேவைப்பட்டது. சென்னை மாநிலத்தில் 1958இல் பூதான யக்ஞச் சட்டம் வந்தது. அரசு உதிர வேண்டும் என்ற இயக்கம் அரசின் பதிவேட்டில் இடம்தேடியது. 1957க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்ற இலக்கில் பத்தில் ஒரு பங்குகூடக் கிட்டவில்லை. இதனைக் கொண்டு கொள்கை தோற்றது என்பது விரைந்த முடிவு. தன் நிலத்தைத் தானே பங்கிடும் உழவரைக் காட்டிலும், நிலமுடையோரின் நல்லெண்ணத்தை அவ்வியக்கம் மிகுதியாக நம்பியது என்பதே நேர்மையான கூற்று.

மாநாட்டிற்கு ஓராண்டு முன்பு, 1956 நவம்பர் முதல் நாள், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்திற்கு மாறியது. வரைபடத்தில் கோடு நகர்ந்தது. பட்டுத்தறியும் தமிழ் கன்னடப் பேச்சும் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்று அப்பகுதி சாமராசநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. இதன் பிலிகிரிரங்கன், மாதேசுவர மலைகளில் வாழும் சோலிகர் குலமுறைகளால் தம்மைத் தாமே ஒழுங்கு செய்துகொண்டவர்கள். ‘தரகு பெங்கி’ எனப்படும் சருகுத் தீயைக் குறித்த பருவத்தில் சிறிதளவில் இட்டு அடிக்காட்டைப் பேணினர். பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமானபின் தீயிடல் தடைப்பட்டது. உண்ணிச்செடி அடிக்காடெங்கும் பரவியதற்கு இத்தடையே காரணம் என்பது சோலிகர் கூற்று. ஆய்வாளர் சிலரும் இதற்கு உடன்படுகின்றனர். ஆணையில்லாமல் நடந்த ஒழுங்கு ஆணையால் நின்றது.

எனினும் சோலிகர் வாழ்வை அரசின்மைக்குச் சான்றாக நிறுத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. சிற்றூரில் ஒருவரையொருவர் அறிந்தவரிடையே செல்லும் ஒழுங்கு, முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோர் வாழும் நகரில் அவ்வாறே செல்லும் என்பதற்கு உறுதியில்லை. ஊர்களைக் கூட்டாட்சியாக இணைத்தல் என்பதே இதற்கு அரசின்மையாளர் தந்த விடை. அதனை நீண்டகாலம் சோதித்துப் பார்க்க எந்த அரசும் இடந்தந்ததில்லை. சோலிகரும் தம் காட்டை மீட்க 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தையே நாடினர். 2011இல், புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்ட பிலிகிரிரங்கன் மலையில், அவர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வனவுரிமைப் பட்டங்கள் வழங்கப்பட்டன. பட்டத்தில் அரசின் முத்திரை இருந்தது. சருகுத் தீக்கு மட்டும் அதன்பின்னும் இசைவு கிட்டவில்லை.