படைத்துறைக் கட்டுமான மேற்பார்வைப் பணியாளர் மதிப்பீடு

படைத்துறைக் கட்டுமான மேற்பார்வைப் பணியாளர் மதிப்பீடு என்பது, படையினருக்காகக் கட்டப்படும் குடியிருப்பு, கிடங்கு, ஓடுதளம், அரண் முதலியவற்றின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அலுவலகத்திற்கு எத்தனை பேர், என்ன தகுதியுடன், எவ்வளவு காலத்திற்குத் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிடும் முறையாகும். கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள் ஆகியோர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்; அவர்கள் இக்கணக்கில் வாரார். வேலையைப் பார்வையிடும் பொறியாளர்கள், அளவெடுப்போர், பட்டியலைச் சரிபார்ப்போர், எழுத்தர்கள் ஆகிய அரசுத் தரப்பினரே இதில் அடங்குவர்.

இவ்வெண்ணிக்கை குறைந்தால் மண்ணுக்கடியிலும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையும் பகுதிகள் எவராலும் பார்க்கப்படாமலே மூடப்படும். மிகுந்தால் கட்டடத்திற்குரிய பணம் ஊதியமாகச் செலவாகும்.

அலுவலகத்தின் பணிகள்

ஒப்பந்தம் கையெழுத்தானது முதல் குறைகளை ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் முடியும்வரை இவ்வலுவலகத்தின் பொறுப்பு நீடிக்கும். முதன்மையான பணிகள் பின்வருமாறு:

* அடித்தளம், கம்பி வேலை முதலியவற்றை மூடுவதற்கு முன் பார்வையிடல்
* பொருட்களைச் சோதித்தல் (கான்கிரீட் கனசதுர மாதிரிகள் பொதுவாக 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதிக்கப்படுகின்றன)
* முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிதல்
* இடைக்காலப் பட்டியல்களையும் இறுதிப் பட்டியலையும் சரிபார்த்தல்
* கூடுதல் வேலை, கால நீட்டிப்பு, பிணக்கு ஆகியவற்றைக் கையாளுதல்

வரலாறு

தேவனாம்பட்டினம்

படைக் கட்டுமானத்தில் பொறியாளர் எண்ணிக்கை எவ்வளவு முக்கியமானது என்பதற்குத் தமிழகத்தின் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ளது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து அங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது.

தன் கோட்டைகளைச் சீரமைக்கக் கம்பெனி தேர்ந்தெடுத்தவர் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்சு. பீரங்கிக் குண்டின் இயக்கம் பற்றி 1742இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவில் புகழ் பெற்றிருந்தது. ஐந்தாண்டுகள் பணியில் நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், ஆண்டுக்கு 500 பவுண்டு அவருக்கு வாழ்நாள் ஊதியமாக முடிவு செய்யப்பட்டது. 1750 ஜூலையில் வந்துசேர்ந்த அவர் தேவனாம்பட்டினத்திற்கும் சென்னைக்கும் முழுமையான திட்ட வரைவுகளை ஆயத்தம் செய்தார். ஆயினும் காய்ச்சலால் நலிவுற்று, 1751 ஜூலை 29 அன்று புனித டேவிட் கோட்டையிலேயே இறந்தார். ஐந்தாண்டுப் பணி ஓராண்டளவில் முடிந்துபோயிற்று. வரைவுகளை வேலையாக மாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அவருடைய செயலராக உடன்வந்த இளைஞர் ஜான் கால் பின்னர் பொறியாளராக உயர்ந்து, 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். தலைவருக்கு அடுத்த நிலையில் பயிலும் ஒருவரை வைத்திருப்பதன் பயனை இது காட்டுகிறது. புனித டேவிட் கோட்டை 1758 ஜூன் 2 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. அதன் அரண்கள் தகர்க்கப்பட்டன. இவ்வீழ்ச்சிக்குப் பொறியாளர் பற்றாக்குறை ஒன்றே காரணம் எனக் கூற இயலாது.

ராபின்சுக்குப் பின் சென்னைக் கோட்டை வேலைகளைக் கவனித்த ஜான் புரோகியர், 1757இல் கல்கத்தாவின் புதிய வில்லியம் கோட்டை வேலைக்குச் சென்றார். கட்டுமானக் கணக்குகளில் மோசடி செய்ததாக 1760இல் குற்றஞ்சாட்டப்பட்ட அவர் அங்கிருந்து தப்பிச் சென்றார். வேலையை நடத்துபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற விதி இத்தகைய பட்டறிவிலிருந்து வலுப்பெற்றது.

சிதம்பரம்

புதிதாகக் கட்டாமல், இருப்பதைப் பயன்படுத்துவதும் அக்காலத்தில் வழக்கம். 1781இல் ஐதர் அலியின் படையினர் சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த கல்மதில்களை அரணாகக் கொண்டிருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சர் அயர் கூட் நடத்திய தாக்குதல் அங்கு முறியடிக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் சென்னைப் பொறியாளர் படையின் அதிகாரிகளே நீர்ப்பாசன மராமத்தையும் கவனித்தனர். சிதம்பரம் வட்டாரப் பாசனத்திற்கு ஆதாரமான கொள்ளிடத்தின் கீழணை (1836) அப்படையைச் சேர்ந்த ஆர்தர் காட்டனின் பணியாகும். ஒரே அதிகாரி பல துறை வேலைகளைச் சுமக்கும்போது, அவரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முழு ஆளாக எண்ணுவது பிழையாகும். இன்றைய மதிப்பீட்டிலும் இது கவனிக்கப்பட வேண்டியதாகும்.

இந்தியாவில் அமைப்பு

இந்திய முப்படைகளின் கட்டுமானங்களையும் பராமரிப்பையும் இராணுவப் பொறியியல் சேவை (எம்.இ.எஸ்.) கவனிக்கிறது. இது தன் தொடக்க நாளாக 1923 செப்டம்பர் 26ஐக் கொண்டாடுகிறது. தலைமைப் பொறியாளர், பணிக் கட்டளைப் பொறியாளர், காரிசன் பொறியாளர், உதவிக் காரிசன் பொறியாளர், இளநிலைப் பொறியாளர் எனப் பொறுப்புகள் படிப்படியாக அமைந்துள்ளன. களத்தில் ஒப்பந்தத்தை நடத்துபவர் காரிசன் பொறியாளர். அளவீடும் ஒப்பந்த ஆவணங்களும் சார்ந்த பணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

கணக்கிடும் முறைகள்

பண அளவு முறை: ஆண்டில் நிறைவேறும் வேலையின் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை மேற்பார்வைக்கு ஒதுக்கி, அதற்குள் பணியாளரை அமைத்தல். அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர் படை, உள்நாட்டுப் படைக் கட்டுமானங்களுக்கு 5.7 விழுக்காடு என்ற சீரான வீதத்தை நெடுங்காலம் பயன்படுத்தியுள்ளது. இம்முறை எளியது, ஆனால் விலைவாசி உயர்ந்தால், வேலை கூடாமலே ஆட்கள் கூடியதாகக் கணக்குக் காட்டும்.

வேலை நேர முறை: ஒவ்வொரு பணிக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆகும் எனக் கூட்டி, ஒருவரின் பயனுள்ள வேலை நேரத்தால் வகுத்தல். ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, இடங்களின் தொலைவு, வேலையின் சிக்கல் ஆகியவை இதில் நேரடியாக இடம்பெறும்.

ஒப்பீட்டு முறை: முன்பு முடிந்த ஒத்த வேலைகளின் பதிவேடுகளைக் கொண்டு மதிப்பிடுதல்.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்திற்கான கற்பனைக் கணக்கு. கடலூரில் இரண்டும், சுமார் 45 கி.மீ. தொலைவிலுள்ள சிதம்பரத்தில் ஒன்றுமாக மூன்று சிறு ஒப்பந்தங்கள் நடப்பதாகவும், அலுவலகம் கடலூரில் இருப்பதாகவும் கொள்வோம். வார வேலை நேரம்:

* பார்வையிடல்: 3 ஒப்பந்தம் × 6 நாள் × 4 மணி = 72
* அளவெடுப்பு, பட்டியல்: 3 × 6 = 18
* பொருட்சோதனை: 3 × 4 = 12
* கடிதம், பதிவேடு: 3 × 5 = 15
* சிதம்பரம் சென்றுவரல்: 6 நாள் × 2.5 மணி = 15

மொத்தம் 132 மணி. விடுப்பு, பயிற்சி முதலியவை போக ஒருவரிடம் வாரத்திற்கு 40 மணி கிடைக்குமெனில் தேவை 3.3 பேர், அதாவது நால்வர். சிதம்பரத்திலேயே ஒருவரைத் தங்கவைத்தால் பயண நேரம் நீங்கி 117 மணியாகும், மூவர் போதும்.

அதே தொகைக்குக் கடலூரில் ஒரே பெரிய கட்டடம் எனில், பார்வையிடல் 48, அளவெடுப்பு 12, சோதனை 8, பதிவேடு 6 என மொத்தம் 74 மணியாகலாம், இருவர் போதும். பணம் ஒன்றே, தேவை இரண்டிலிருந்து நான்குவரை மாறுகிறது. பண அளவு முறையை மட்டும் நம்பினால் இவ்வேறுபாடு புலப்படாது.

வரம்புகள்

வேலை ஆண்டு முழுதும் சீராக நடப்பதில்லை. கடலூர் போன்ற கடற்கரை மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்வேலை தடைபட்டு, பின்னர் ஒரே நேரத்தில் குவியும். எனவே சராசரியோடு உச்ச மாதத் தேவையையும் பார்க்க வேண்டும். கட்டடம் முடிந்தபின் இறுதிப் பட்டியலுக்கும் பிணக்குத் தீர்வுக்கும் ஆள் தேவை என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். மேலும், எண்ணிக்கை சரியாக இருப்பினும், வேலையை அறிந்தவர் ஒருவராக மட்டும் இருப்பின் அவர் மாற்றலாகும்போதோ நோயுறும்போதோ பணி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முக்கியப் பொறுப்புக்கும் மாற்று ஆள் ஒருவரைச் சேர்த்தே கணக்கிடுவது நலம்.

இவற்றையும் பார்க்க

* புனித டேவிட் கோட்டை
* பெஞ்சமின் ராபின்சு
* கீழணை
* இராணுவப் பொறியியல் சேவை